அடியா, விபத்தா, நோயா? கால்நடைத் தடயவியலுக்கு ஓர் அறிமுகம்

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். மாசி மாதக் கடைசி. கறவை மாடு ஒன்றைப் பார்க்க என்னை அழைத்துப் போனார்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த கலப்பினப் பசு. முதுகிலும் விலாவிலும் தோல், காய்ந்த பனையோலை போலச் சுருண்டு உரிந்துகொண்டிருந்தது. மாட்டுக்காரர் கொதித்துப் போயிருந்தார். "பக்கத்து வயல்காரர் ஆசிட் ஊற்றிவிட்டார், டாக்டர். உளுந்தில் மாடு இறங்கியது என்று போன வாரம்தான் சண்டைக்கு வந்தார். ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுங்கள், ஸ்டேஷனுக்குப் போகிறேன்" என்றார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். மீதிப் பேர் வாய் திறக்கவில்லை.

நான் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். உரிந்த இடமெல்லாம் வெள்ளைத் தோல். கறுப்பு ஓர் இடத்திலும் கெடவில்லை. வெள்ளைத் திட்டு முடிந்து கறுப்பு தொடங்கும் கோட்டில், கத்தரித்து வைத்தது போலப் புண் நின்றிருந்தது. ஆசிட்டுக்கு நிறம் தெரியாது. மேலிருந்து ஊற்றினால் கறுப்பையும் வெள்ளையையும் சேர்த்தே எரித்துக்கொண்டு வழியும். வழிந்த தடம் விலாவில் கோடு கோடாக இறங்கும். அப்படி ஒரு தடமும் இல்லை. இமையை விலக்கிப் பார்த்தேன், கண் மஞ்சளித்திருந்தது. வேலியோரம் போய்ப் பார்த்தபோது உண்ணிச்செடி மொட்டையாக மேயப்பட்டிருந்தது.

நடந்தது இதுதான். புல்லில் இருக்கும் பச்சையம் மாட்டின் வயிற்றில் சிதையும்போது பைலோஎரித்ரின் என்ற பொருள் உண்டாகிறது. ஈரல் நன்றாக இருந்தால் அது பித்தத்தோடு வெளியேறிவிடும். உண்ணிச்செடி ஈரலைக் கெடுக்கும். அப்போது அந்தப் பொருள் ரத்தத்தில் தங்கித் தோலுக்கு வந்துவிடும். வெயில் பட்டதும் நிறமி இல்லாத வெள்ளைத் தோலை அது பொசுக்கிவிடும். கறுப்புத் தோலை அதன் நிறமி காப்பாற்றிவிடும். மாட்டை நிழலில் கட்டச் சொன்னேன், மருந்து கொடுத்தேன், நோயின் பெயரைச் சான்றிதழில் எழுதினேன். பக்கத்து வயல்காரர் காவல் நிலையத்துப் படியேறாமல் தப்பினார்.

அன்று அந்தக் கொல்லையில் நடந்ததுதான் கால்நடைத் தடயவியல். என்ன நோய், என்ன மருந்து என்பது மருத்துவரின் அன்றாடக் கேள்வி. இந்தக் காயம் எதனால் வந்தது, எப்போது வந்தது, சொல்லப்படும் காரணத்தோடு அது பொருந்துகிறதா என்று கேட்பதும், கிடைத்த விடையை நீதிமன்றத்தில் நின்று சொல்லும் அளவுக்குப் பதிவு செய்வதும் தடயவியல். குற்றவாளியைப் பிடிப்பதற்காகத்தான் இந்தத் துறை என்று பலர் எண்ணுகிறார்கள். இருபது ஆண்டுகளாக டெல்டாவில் மாடு பார்க்கிறேன். வீண்பழியிலிருந்து ஆட்களை விடுவிப்பதும் இதே கண்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறேன்.

இந்தப் பார்வை குழந்தை மருத்துவத்திலிருந்து வந்தது. 1962-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சகாக்களும், விழுந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் சில குழந்தைகளின் எலும்புகள் வேறு செய்தி சொல்கின்றன என்று எழுதினார்கள். பிள்ளையைப் பெற்றவரே அடிப்பார் என்பதை அதுவரை மருத்துவ உலகம் நினைத்துப் பார்க்கவே தயங்கியது. 2001-இல் பிரிட்டனில் ஹெலன் மன்ரோவும் மைக்கேல் த்ரஸ்ஃபீல்டும் நாய், பூனைகளைப் பார்க்கும் மருத்துவர்களிடம் கேட்டுத் திரட்டிய அனுபவங்களை வெளியிட்டார்கள். குழந்தைகளிடம் கண்ட அதே அடையாளங்கள் விலங்குகளிடமும் இருந்தன. கூட்டிவந்தவர் சொல்லும் காரணம் காயத்தோடு ஒட்டாது. கேட்கக் கேட்கக் காரணம் மாறும். வெவ்வேறு காலத்துக் காயங்கள் ஒரே உடலில் இருக்கும். மருத்துவரிடம் வருவதற்குக் காரணமில்லாமல் நாள் கடந்திருக்கும். அதே வீட்டில் முன்பும் ஒரு பிராணி அடிபட்டோ செத்தோ இருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் முடிவு கட்ட முடியாது. இரண்டு, மூன்று சேர்ந்து வந்தால் மருத்துவர் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

ஒரு சித்திரை மாதம், ஒரு பாட்டியும் பத்து வயதுப் பேரனும் நாட்டு நாய் ஒன்றைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மோட்டார் சைக்கிள் மோதிவிட்டது என்றார் பாட்டி. சிறிது நேரம் கழித்து, மாடிப்படியில் உருண்டது என்றார். நாயின் நகங்களைப் பார்த்தேன். வண்டி மோதி இழுபட்ட நாய் தரையைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். அதனால் நகம் தேய்ந்து நார் நாராகப் பிளந்திருக்கும். தோல் சிராய்த்திருக்கும், மயிரில் மண்ணோ எண்ணெய்க் கறையோ ஒட்டியிருக்கும், இடுப்பெலும்பு உடைவதும் அதிகம். உயரத்திலிருந்து விழுந்த நாய்க்கு முகவாயும் முன்னங்கால்களும் நெஞ்சும் அடிபட்டிருக்கும். இந்த நாயின் நகங்கள் பத்திரமாக இருந்தன. முகவாயில் கீறலில்லை.

விலங்குகளிடம் கன்றிப்போன இடம் எளிதில் கண்ணுக்குத் தெரியாது. மயிரும் தோலின் நிறமும் மறைத்துவிடும். அதனால் மயிரை மழித்துத்தான் பார்க்க வேண்டும். மழித்தேன். விலாவில் இணையாக இரண்டு சிவந்த கோடுகள், நடுவே வெளிறிய பட்டை. கம்பு போன்ற உருண்டைப் பொருள் ஓங்கி விழுந்தால் பட்ட இடத்து ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்கும். அந்த ஓரங்களில் நுண்ணிய நாளங்கள் உடையும். நடு இடம் வெளுத்தே இருக்கும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். 2012-இல் அந்தக் கல்லூரி வந்த பிறகு, இதற்கெல்லாம் நாமக்கல்லுக்கும் சென்னைக்கும் ஓட வேண்டிய அவசியம் டெல்டாக்காரர்களுக்கு இல்லை. எக்ஸ்ரேயில் இடது பக்கம் இரண்டு விலா எலும்புகள் புதிதாக உடைந்திருந்தன, விளிம்பு கூர்மையாக. வலது பக்கம் மூன்று எலும்புகளில் பழைய முறிவு கூடி, முடிச்சுப் போலத் தடித்திருந்தது. ஒரே நாளில் நடந்த விபத்து ஒரே உடலில் இரண்டு காலத்து முறிவை உண்டாக்காது.

அந்தப் பையன் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். சித்திரை வெயிலில். அவன் கையைத் தூக்கிப் பார்க்கும் உரிமை மாட்டு டாக்டருக்கு இல்லை. ஆனால் நாயை அடிக்கும் கை நாயோடு நிற்பதில்லை என்பது உலகெங்கும் இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. பாட்டியைத் தனியே அழைத்து, குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181 என்ற இரண்டு எண்களையும் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். ஆடி மாதம் மறுபடி காட்ட நாயைக் கொண்டுவந்தவர் பையனின் அத்தை. பையனும் நாயும் இப்போது தன் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்றார்.

அடிப்பது கண்ணுக்குத் தெரிகிற கொடுமை. நம் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது வேறு வகை: கவனிக்காமல் விடுவது. இங்கேதான் தவறான தீர்ப்பும் அதிகம் வருகிறது. எலும்பு தெரியும் மாட்டைச் சாலையில் பார்த்துவிட்டு, வீடியோ எடுத்து, பட்டினி போட்டுக் கொல்கிறார்கள் என்று பதிவிடுவார்கள். டெல்டாவின் வாய்க்காலிலும் வரப்போர நீரிலும் நத்தைகள் உண்டு; அந்த நத்தைகள் வழியே ஈரல் தட்டைப்புழு மாட்டுக்குள் போகிறது. வேளாவேளைக்குத் தீவனம் வைத்தாலும் மாடு இளைக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத ஆண்டில் பச்சைப் புல்லே இருக்காது, வெறும் வைக்கோலில் மாடு எத்தனை நாள் தாங்கும்? அந்த வீட்டில் மனிதர்களும் இளைத்துத்தான் இருப்பார்கள். அது கொடுமை ஆகாது.

அப்படியானால் புறக்கணிப்பை எப்படி அறிவது? உடலில் சில கடிகாரங்கள் இருக்கின்றன. மாட்டுக் குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வளரும். செருப்பின் மூக்குப் போலச் சுருண்டு நீண்டிருந்தால், எத்தனை மாதமாக அது நடமாட விடப்படவில்லை என்று கணக்கிடலாம். புண்ணில் ஈ முட்டையிட்டால் நம் வெயிலில் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும், புழு முழுதாக வளர ஐந்தாறு நாள் ஆகும். கொழுத்த புழு நெளியும் புண்ணைக் காட்டி "நேற்றுத்தான் பட்டது" என்று சொன்னால் அது பொய். கன்றுக்குட்டிக்குக் கட்டிய கயிற்றைக் கழுத்து வளர வளரத் தளர்த்தாமல் விட்டால், கயிறு தோலுக்குள் இறங்கி, மேலே சதை மூடி வளர்ந்துவிடும். அதை வெட்டி எடுத்திருக்கிறேன். ஒரு நாள்கூட அந்தக் கழுத்தை யாரும் தடவிப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இறந்த விலங்காக இருந்தால் தொடை எலும்பைப் பிளந்து மஜ்ஜையைப் பார்ப்போம். உடலில் கொழுப்பு கடைசியாகக் கரையும் இடங்களில் ஒன்று அது. நல்ல மஜ்ஜை கெட்டியாக, வெண்ணெய் போல இருக்கும். பட்டினியில் அது கரைந்து நீர்த்த பாகு போல ஆகிவிடும். கூடவே ஈரலில் புழு இருக்கிறதா, பல் தேய்ந்து மெல்ல முடியாமல் போனதா, வயிற்றில் பிளாஸ்டிக் பையா என்பதையும் பார்த்த பிறகே பட்டினி என்று எழுத வேண்டும்.

கலப்பினப் பசு ஈன்ற காளைக்கன்றைப் பற்றி மட்டும் மனம் ஆறாமல் ஒன்று சொல்கிறேன். பால் கறந்து விற்கும் வீட்டில் அதற்கு மடி கிடைப்பதில்லை. விற்கவும் முடியாது, உழவுக்கும் ஆகாது. சில வீடுகளில் அது மெதுவாகச் செத்துப்போக விடப்படுகிறது. கழிச்சல் என்று சொல்வார்கள். வயிற்றைத் திறந்தால் பால் கட்டி ஒரு துளிகூட இருக்காது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆம் பிரிவின்படி, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இடமும் தராமலிருப்பதும் குற்றம்தான். அடித்தால் மட்டும் குற்றம் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

வேலை மாடுகளின் உடலில் கொடுமை இடம் பார்த்து உட்காரும். நுகத்தடி அழுத்தும் பிடரியில் ஆறாத புண், வாலில் முறுக்கி உடைத்த கணுக்கள், பின் தொடையில் புள்ளி புள்ளியாகத் தார்க்குச்சி குத்திய தழும்பு. வாலைக் கையில் உருவிப் பார்த்தாலே எத்தனை கணு உடைந்து கூடியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். மணல் வண்டி இழுத்த மாடுகளிடம் இதைப் பார்க்காமல் இருந்ததே இல்லை. வண்டி மாடுகள் பற்றிய 1965-ஆம் ஆண்டு விதிகள், ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. ஆணி வைத்த கோலும் கூடாது. அக்கினி நட்சத்திரத்தில் கொள்ளிடக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த விதி எப்படி நடந்திருக்கிறது என்று தெரியும்.

அதே நேரம், கொம்பில்லாத மாட்டைக் கண்டதும் பதற வேண்டாம். நாகை, திருவாரூர்ப் பகுதியின் உம்பளாச்சேரிக் காளைகளுக்குக் கொம்பைத் தீய்ப்பதும் காதை வெட்டுவதும் நெடுநாள் வழக்கம். மொட்டை மாடு என்ற பெயரே அதனால் வந்தது. சட்டமும் கொம்பு நீக்குதல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு குத்துதல் ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் வதையிலிருந்து விலக்குகிறது. மரத்துப்போகும் ஊசி போடாமல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைக்கும் பழைய முறையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் தடயவியல் அறிக்கையில் வழக்கத்தின் தழும்பையும் வன்மத்தின் தழும்பையும் பிரித்துத்தான் எழுத வேண்டும். முன்னது இரண்டு பக்கமும் ஒத்த இடத்தில், ஒரே அளவில் இருக்கும். பின்னது கை போன போக்கில் இருக்கும்.

தண்டனையைக் கேட்டால் வயிறு எரியும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு முன் போட்ட தொகை அப்படியே நிற்கிறது. கொன்றாலோ நஞ்சு வைத்தாலோ உறுப்பைச் சிதைத்தாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு இருக்கிறது; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள அந்தச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. கன்றுக்காகப் பசு மணியடித்த ஊர் திருவாரூர். தேர்க்காலில் கன்று சிக்கியதை அங்கே தெருவே பார்த்திருந்தது, அமைச்சரும் சொன்னார். நம் காலத்துப் பசுவுக்கு மணி எட்டுவதில்லை. பார்த்த தெருவும் சாட்சிக்கு வருவதில்லை. உடல்தான் பேச வேண்டியிருக்கிறது. அது பேசுவதை எழுதி வைத்தால்தான் 325 என்ற எண்ணுக்குப் பொருள்.

இறந்த உடல் நம்மை ஏமாற்றவும் செய்யும். மாடு செத்துச் சில மணி நேரத்தில் வயிற்றுக்குள் வாயு சேர்ந்து உப்பிவிடும். அந்த அழுத்தத்தில் ஆசனவாய் பிதுங்கும், மூக்கில் ரத்தம் கலந்த நீர் வழியும். பார்த்தவர்கள் உதைத்துக் கொன்றார்கள் என்பார்கள். காக்கையும் நாயும் கண்ணையும் மடியையும் முதலில் தின்னும், அறுத்தது போல இருக்கும். உயிரோடு இருந்தபோது பட்ட காயத்தில் ரத்தம் கட்டியிருக்கும், வீங்கியிருக்கும். செத்த பிறகு பட்டதில் இரண்டும் இருக்காது. மரத்தடியில் செத்துக் கிடக்கும் மாட்டின் வாயில் மெல்லாத புல் அப்படியே இருந்து, தோலில் மயிர் கருகிய கோடு ஓடினால், முந்தின இரவு இடி இடித்ததா என்று கேட்க வேண்டும். வாய், மூக்கு, ஆசனவாய் என எல்லா வழியிலும் கறுத்த, உறையாத ரத்தம் வந்திருந்தால் உடலைத் திறக்கவே கூடாது. அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். காற்றுப் பட்டால் அந்தக் கிருமி வித்துகளாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், மனிதரையும் தொற்றும். காது ரத்தநாளத்திலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்த்த பிறகே மருத்துவர் அடுத்த அடி வைப்பார். நீங்கள் அருகில் போகாதீர்கள்.

நஞ்சுதான் டெல்டாவின் பெரிய சிக்கல். சம்பா அறுப்பு முடிந்ததும் வாத்து மந்தைகள் வயலில் இறங்கும், கீதாரிகள் எனப்படும் ராமநாதபுரத்து ஆட்டிடையர்கள் கிடை போட வருவார்கள், ஊர் மாடுகளை அவிழ்த்து விடுவார்கள். அதே நெல்தாளுக்கிடையே உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். சண்டைக்குக் காரணம் தேட வேண்டாம். எலிக்கு வைத்த துத்தநாகப் பாஸ்பைடு, பயிருக்கு அடித்த பூச்சிமருந்து, மயிலுக்கும் நாய்க்கும் வேண்டுமென்றே வைத்த தீனி எல்லாம் சாவைத்தான் தருகின்றன, அடையாளம்தான் வேறு. கரிமப் பாஸ்பரஸ் மருந்தென்றால் எச்சில் நுரைக்கும், கண்ணீர் வழியும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். உடனே அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்க வைக்கலாம். எலிமருந்தென்றால் வயிற்றைத் திறந்ததும் பூண்டு அழுகியது போல நெடி வரும். முகத்தை அருகில் கொண்டு போகக் கூடாது, அந்த வாயு நமக்கும் நஞ்சு.

இந்த வழக்குகள் தோற்பது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, வயல்வரப்பில். மாலைக்குள் புதைத்துவிடுவார்கள். நாறும் என்று கழுவிவிடுவார்கள். வாயில் கிடந்த தீனியைத் தூக்கி வாய்க்காலில் எறிவார்கள். நீங்கள் செய்யக்கூடியது எளிது. தொடுவதற்கு முன் படம் எடுங்கள்: முதலில் தூரத்திலிருந்து மரமோ மின்கம்பமோ தெரியும்படி, பிறகு அருகில், பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ நாணயத்தையோ வைத்து. உயிர் இருந்தால் 1962-க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். உயிர் இல்லையென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, அரசு கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அதுவரை உடலை நிழலில், ஐஸில் வையுங்கள். சந்தேகப்படும் தீனியைக் கையுறையோடு எடுத்துத் தனியே மூடி வையுங்கள். இரைப்பைப் பொருள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றை மருத்துவர் உப்பு இனிமேல் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் போட்டு அரக்கு முத்திரை வைப்பார். அந்த உப்பிலேயே நஞ்சில்லை என்று காட்ட, வெறும் உப்பிலும் ஒரு பொட்டலம் அனுப்புவார். திசுவைப் பார்ப்பதற்கு மட்டும் பார்மலின். நஞ்சுக்கு அனுப்புவதில் பார்மலின் பட்டால் ஆய்வே கெட்டுவிடும். பாட்டிலை யார் யாரிடம் எப்போது கொடுத்தார் என்று ஒவ்வொரு கையெழுத்தும் வரிசையாக இருக்க வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது போதும்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு வாத்துக்காரர் இதை யாரும் சொல்லாமலே செய்தார். காலையில் நூற்றுக்கணக்கில் வாத்துகள் சுருண்டு கிடக்க, அழுதுகொண்டே இரண்டை மட்டும் எடுத்து, மீன்காரரிடம் ஐஸ்பெட்டி இரவல் வாங்கி வைத்திருந்தார். வயல்காரர், பயிருக்கு அடித்த மருந்து மிச்சமிருந்திருக்கும், தெரியாமல் மேய்த்துவிட்டார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆய்வகத்தில் பூச்சிக்கொல்லி என்று முடிவு வந்தபோதும் அது யாருக்கும் எதிரான சாட்சியாக இல்லை. நான் உடற்கூறாய்வில் எழுதியிருந்த ஒரு வரியைத்தான் காவல் ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். வாத்துகளின் தொண்டைக் குழாயிலும் அரைவைப் பையிலும் ஊதா நிறக் குருணை மருந்தோடு கலந்து கிடந்தது நெல் இல்லை, நொய். அறுத்த வயலில் நெல் சிந்திக் கிடக்கும். நொய் அரவை மில்லிலிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் வரப்புக்கு வரும்.